மூன்று விநாடி

கடைசி அரை வாளித் தண்ணீரில் துண்டை நனைத்து, ஒரு சொட்டுகூட வெளியே விழாமல் வாளிக்குள்ளேயே பிழிந்து, இறந்த கணவரின் நெற்றியை அவள் துடைத்துக்கொண்டிருந்தபோது குடிநீர் ஆபீஸ் இன்ஜினியர் வாசலில் ஷூவைக் கழற்றினார்.

கூடத்தில் இருந்தவர்கள் வழிவிட்டார்கள். அவர் கட்டிலருகே வந்து தலைகுனிந்து நின்றார். நிற்க வேண்டிய நேரம் நின்றார், அதற்கு மேலும் நின்றார். துக்கம் தாங்காமல் நிற்கிற ஆள் ஒரு மாதிரி இருப்பார், வாயில் ஒரு கேள்வியை அடக்கிக்கொண்டு நிற்கிற ஆள் வேறு மாதிரி இருப்பார். ஆடைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாகத் தையலில் குற்றம் கண்டுபிடிப்பதே பிழைப்பாக இருந்தவளுக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் போகுமா?

"என்ன சார், சொல்லுங்க," என்றாள்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதும்மா..." இன்ஜினியர் மென்று விழுங்கினார். "சார் எங்கயாவது பாஸ்வேர்டு எழுதி வச்சிருக்காரா? டைரியில, துண்டுச் சீட்டுல..."

"எதுக்குப் பாஸ்வேர்டு?"

"பம்ப் ஹவுஸ் கம்ப்யூட்டருக்கு. மூணு வாரமா அதை அணைக்கவே இல்ல. இன்னிக்குக் காலையில நாலு மணிக்குக் கரண்ட் போயிட்டு வந்துச்சு. அதுலேர்ந்து மோட்டர் எடுக்கவே இல்ல. ஆறு தடவை ஆன் பண்ணிப் பாத்துட்டோம். தொட்டியில இன்னும் ரெண்டு அடிதான் இருக்கு, அதையும் ஆஸ்பத்திரி லைனுக்கு மட்டும் விட்டிருக்கோம்." ஒருமுறை கட்டிலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "சார் ஏதோ லாக் போட்டு வச்சிருக்கார்னு நினைக்கிறோம்."

துண்டைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. முப்பத்தொரு வருடம் அந்த ஊரின் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றியவர் முந்தின நாள் மாலை ஏழு மணிக்குச் செத்துப்போனார். மூன்று வாரம் படுக்கையில் கிடந்து, அதிலும் இரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்து போனார். போய் இன்னும் ஒரு நாள் முடியவில்லை, அதற்குள் லாக் போட்டவர் ஆகிவிட்டார்.

"அவர் லாக் போடுற ஆள் இல்ல," என்றாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. வேணும்னு செஞ்சார்னு சொல்ல வரல. கம்பெனிக்காரங்ககிட்ட பேசிட்டேன், நாளைக்குச் சாயங்காலம்தான் வருவாங்களாம். வந்தாலும் எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போடணுமாம். மூணு நாள் ஆகும். மேல கேட்டா நான் எழுதிக் கொடுத்தாகணும், ஏன் நின்னுச்சுன்னு."

"என்னன்னு எழுதுவீங்க?"

இன்ஜினியரின் கண் கட்டிலுக்குப் போய்த் திரும்பியது. அதிலேயே பதில் இருந்தது.

அவள் துண்டை வாளியின் விளிம்பில் போட்டுவிட்டு எழுந்தாள். ஆணியில் தொங்கிய பம்ப் ஹவுஸ் சாவியை எடுப்பதைப் பார்த்ததும் கணவரின் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எங்க கிளம்பிட்ட?"

"பம்ப் ஹவுஸுக்கு, அண்ணி."

"உனக்கென்ன பைத்தியமா? ஜனங்க வந்துக்கிட்டே இருக்காங்க. நாலு மணிக்கு எடுக்கணும். பொண்ணு மூணு மணிக்கு வந்து இறங்குவா. நீ போய் மோட்டர் போடப் போறியா?"

"லாக் போட்டார்னு சொல்றாங்க. கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கச் சொல்றீங்களா? அவரால எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது."

அண்ணி தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சீக்கிரம் வா," என்றாள். தம்பியின் பேருக்கு ஒரு கறை வருவதைவிடத் தம்பி மனைவி ஒரு மணி நேரம் காணாமல் போவது அவளுக்குத் தேவலை என்று பட்டிருக்க வேண்டும்.

இன்ஜினியரின் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தபோது அவளுக்கே கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டரைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததை ஒரு பொத்தானின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். ஆனால் ஒன்று மட்டும் தெரியும். நாலு மாதத்துக்கு முன் உறவுக்காரர் வீட்டிலிருந்து திரும்பும்போது நல்ல மழை. தெருவிளக்கு அணைந்ததும் அவர் ஸ்கூட்டரைச் சட்டென்று பம்ப் ஹவுஸ் பக்கம் திருப்பிவிட்டார். நல்ல உடுப்பில் தொப்பலாக நனைந்து அவள் எரிச்சலோடு நிற்க, அவர் கரண்ட் வரும்வரை காத்திருந்து கம்ப்யூட்டரின் ஸ்விட்சைப் போட்டார். திரை இருட்டாகவே இருந்தது. ஒரு விரலைக் கீபோர்டில் வைத்துக்கொண்டு, பெட்டியின் பக்கமாகத் தலையைச் சாய்த்து, மூச்சுவிடாமல் நின்றார்.

"என்ன, அதுக்கு ஜோசியம் பாக்குறீங்களா?" என்று கேட்டாள்.

"செக்கிங், கொஞ்சம் சும்மா இரு," என்றார். அவள் பார்க்கிற வேலையின் பேரையே வைத்து அவளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். அதைக் கேட்டுக் கேட்டுத் தெருவே 'செக்கிங் அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. அவர் விரல் ஒருமுறை அழுந்தியது, உடனே மறு கை வேறெதையோ தட்டியது. அப்புறம் நிமிர்ந்து சிரித்தார். "இந்தப் பொட்டிக்குள்ள ரெண்டு குடித்தனம் இருக்கு. ஒண்ணு பழைய சிஸ்டம், ஒண்ணு ரெண்டு வருஷம் முன்னாடி ஆபீஸ்காரன் கணக்கு எழுதக் கொண்டுவந்து குடி வச்ச புது சிஸ்டம். மோட்டரோட பேசத் தெரிஞ்சது பழசுக்குத்தான். ஆனா கதவைத் தட்டினா புதுசுதான் முந்திக்கிட்டு ஓடி வரும். பழசைக் கூப்பிடுன்னு நாமதான் சொல்லணும்."

அவ்வளவுதான் அவள் கையிருப்பு.

பம்ப் ஹவுஸுக்குள் நுழைந்ததும் அவள் நின்றுவிட்டாள். நாலு மோட்டர், இடுப்புயரத்துக்கு நீலக் குழாய்கள், ஈரம் காயாத சிமெண்டுத் தரை, சுவரோரம் விளக்குகள் வைத்த இரும்பு அலமாரி. எல்லாம் அப்படியேதான் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை. சாப்பாட்டு டப்பாவோடு எத்தனையோ தடவை வந்த இடம்தான், ஆனால் சுவர்க் கடிகாரம் ஓடும் சத்தத்தை அங்கே அவள் கேட்டதே இல்லை. இரும்பு மேசைக்கு முன்னால் அவருடைய நாற்காலி இருந்தது. கழித்துக்கட்டிய துணியில் அவள் தைத்துக் கொடுத்த மெத்தை, அவர் உட்கார்ந்த இடத்தில் குழிந்து கிடந்தது.

துணை ஆபரேட்டர் அவளைப் பார்த்ததும் பதறி எழுந்தான். வால்வுகளைத் திறந்து மூடுகிற வேலை, அதனால் அவன் பெயரும் வால்வு. நாற்பது வயது, இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன், இருந்தும் அண்ணன் அண்ணன் என்று அவர் பின்னாலேயே திரிந்தவன். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"நீங்க ஏன்க்கா வந்தீங்க?"

"இதுக்குள்ள ரெண்டு சிஸ்டம் இருக்குன்னு சொல்வாரே, பழசு எங்க?"

"அது காணலக்கா. புதுசுதான் வருது, அதுல மோட்டர் பக்கமே கிடையாது. இந்த ரெண்டு வருஷத்துல எதைத் தேர்ந்தெடுக்கிறார், எப்படித் தேர்ந்தெடுக்கிறார்னு நான் பாத்ததே இல்ல. திரை வரும்போதே பழசு வந்திருக்கும். அண்ணன் தொட்டா வரும், அவ்வளவுதான்."

"கையால நேரா மோட்டரைப் போட முடியாதா?"

"முன்னாடி முடியும். எட்டு வருஷம் முன்னாடி பேனலை மாத்தினப்புறம் கம்ப்யூட்டர் சரின்னு சொன்னாத்தான் மோட்டர் எடுக்கும்."

அவள் நாற்காலியில் உட்காரவில்லை. பக்கத்தில் நின்றாள்.

"அணைச்சுட்டுத் திருப்பிப் போடு."

வால்வு போட்டான். பெட்டிக்குள் விசிறி சுழன்றது. அவள் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். 'பீப்' என்று மெல்லிசாக ஒரு சத்தம். அவர் விரல் வைத்திருந்த இடம் வலது ஓரம், கீழ்நோக்கிய அம்புக்குறி. அழுத்தினாள். திரை மெல்ல வெளுத்து, வண்ண வண்ணப் படத்தோடு புது சிஸ்டம் வந்து நின்றது.

"இன்னொரு தடவை."

இந்த முறை சத்தம் கேட்டதிலிருந்து விடாமல் அழுத்தினாள், தையல் மிஷின் மாதிரி. மறுபடி அதே வண்ணப் படம்.

"அதான்மா சொன்னேன்," என்றார் இன்ஜினியர். குரலில் குத்தல் இல்லை, இரக்கம் இருந்தது. அதுதான் அவளுக்கு எரிந்தது. "வாங்க, வீட்டுல விட்டுடறேன்."

"இருங்க சார்."

தொழிற்சாலையில் ஒரு கட்டு முழுக்கக் குற்றம் வந்தால் அவள் தைத்தவளைத் திட்டமாட்டாள். நேற்று இல்லாதது இன்று என்ன வந்திருக்கிறது என்று பார்ப்பாள். ஊசி மாறியதா, நூல் மாறியதா, ஆள் மாறியதா. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மேசையின் ஒரு கோடியிலிருந்து பார்க்க ஆரம்பித்தாள். பேனா டப்பா, பதிவேடு, அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூடு, கீபோர்டு. கீபோர்டில் கண் நின்றது. எழுத்தெல்லாம் பளிச்சென்று, அழுக்கு விழாமல், கடையிலிருந்து நேற்று இறங்கியது போல இருந்தது.

"இது அவரோடது இல்லையே. எப்ப வந்துச்சு?"

வால்வு கையைப் பிசைந்தான். "ரெண்டு வாரம் ஆச்சுக்கா. ஒயர் இல்லாதது. பழசுல பாதி எழுத்தே தெரியாது. அண்ணன் உடம்பு தேறி வந்தா சந்தோஷப்படுவாருன்னு நான்தான்..."

"பழசை என்ன பண்ணின?"

"பத்திரமா இருக்குக்கா!"

அலமாரியின் தலையில் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தான். பிரித்தார்கள். கீழ்நோக்கிய அம்புக்குறி இருக்க வேண்டிய கட்டையில் குறியே இல்லை, மழமழவென்று தேய்ந்திருந்தது. இன்ஜினியருக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஒயர் இல்லாதது சிஸ்டம் முழுசா எழுந்தப்புறம்தான் உயிரோட வரும். அதுக்கு முன்னாடி நீங்க எத்தனை தட்டினாலும் இதுக்குக் கேக்காது," என்று சொல்லிக்கொண்டே பெட்டியின் பின்னால் மண்டியிட்டுப் பழையதன் ஒயரை அவரே செருகினார்.

வால்வு ஸ்விட்சைப் போட்டான். விசிறி சுழன்றது. 'பீப்.' அவள் ஒரே ஒரு தடவை அழுத்தினாள்.

திரை இருட்டாக இருந்தது. அந்தப் பழைய மானிட்டர் கண் விழிக்க ஐந்து விநாடி எடுத்துக்கொள்ளும். அந்த ஐந்து விநாடியும் மூன்று பேரும் அசையவில்லை. பிறகு கறுப்பில் வெள்ளை எழுத்தாக இரண்டு வரி தெரிந்தது. மேலே புதுசு, கீழே பழசு. பழசின் மேல் வெளிச்சப் பட்டை விழுந்திருந்தது.

"ஐயோ, ரெண்டு பேரும் இருக்காங்க!" என்றான் வால்வு.

அவள் பெரிய கட்டையைத் தட்டினாள். சாம்பல் நிறத்தில் பழைய சிஸ்டம் வந்தது, அதற்குள் நாலு மோட்டரின் படம் வந்தது, சுவரோர அலமாரியில் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறின. வால்வு ஓடிப்போய்ச் சக்கரத்தைத் திருகினான். முதல் மோட்டர் முனகி, இழுத்து, எழுந்தது. அவள் காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. முப்பத்தொரு வருடம் அவர் உள்ளங்காலில் ஏறிய அதிர்வு. ஒரு வெற்றி அவள் நெஞ்சுக்குள் எழுந்தது.

"பாத்தீங்களா சார்? லாக் இல்ல."

"இல்லம்மா. என்னை மன்னிச்சுடுங்க," என்றார் இன்ஜினியர். மனதாரத்தான் சொன்னார்.

அத்தோடு அவள் கிளம்பியிருக்கலாம். ஆனால் இன்ஜினியர் கடமையில் கண்ணானவர், அதுதான் வந்த வினை. மோட்டர் சத்தத்துக்கு வெளியே வராந்தாவில் போய் நின்று, கம்பெனிக்காரருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். அந்த இரண்டு வரிப் பட்டியல் இத்தனை தடவையும் ஏன் கண்ணிலேயே படவில்லை என்று கேட்டார்.

"ஏன் படாது?" என்றது போன். "முப்பது விநாடி நிக்குமே சார்! ஒரு கட்டையைத் தொட்டா அப்படியே நிக்கும், எதையும் தொடலேன்னாத்தான் புதுசுக்குப் போகும். அப்படித்தான் வச்சுட்டு வந்தோம். ஆபரேட்டர்கிட்ட காட்டி, புரிஞ்சுதுன்னு கையெழுத்தும் வாங்கியிருக்கோம்."

"முப்பதெல்லாம் நிக்கல. திரை வெளுக்கிறதுக்குள்ள ஓடிடுது."

"அப்ப யாரோ குறைச்சிருக்காங்க. செட்டிங்ஸ்ல போய்ப் பாருங்க." எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

உள்ளே போய்ப் பார்த்தார்கள். ஒரு சின்னக் கட்டத்துக்குள் 3 என்று இருந்தது. மானிட்டர் விழிக்க ஐந்து, பட்டியல் நிற்பது மூன்று. தெரியாத ஆள் நூறு வருடம் உட்கார்ந்து பார்த்தாலும் அந்த இரண்டு வரி கண்ணில் படப்போவதில்லை.

இன்ஜினியர் மெதுவாக வால்வு பக்கம் திரும்பினார்.

"இந்த ரூம்ல உக்கார்ற ஆளுங்க ரெண்டு பேர். மூணு வாரமா நீ மட்டும். கீபோர்டையும் மாத்தியிருக்க. இதையும் நோண்டினியா?"

"சத்தியமா இல்ல சார்!"

"தெரியாம மாத்தியிருந்தா ஒத்துக்கோ. ஆஸ்பத்திரிக்குத் தண்ணி நின்னிருந்தா என்ன ஆகியிருக்கும்? நான் எழுதித்தான் ஆகணும்."

வால்வின் முகத்தில் ஈயாடவில்லை. "எனக்கு அந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது சார். என் புள்ளைங்க மேல..." என்று கும்பிட்டான். உதவி கேட்டு அவளைப் பார்க்கவும் அவனுக்குத் தோன்றவில்லை. அண்ணன் செய்திருப்பார் என்று நினைக்கவே அவனுக்கு வராது.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த 3-ஐப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன் ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. புது சிஸ்டம் வந்தபின் திரையில் வரும் பட்டியலைப் பார்த்து யாரும் மோட்டர் போட்டுவிடலாம், தனியாக ஆபரேட்டர் தேவையில்லை, அவரைக் கிடங்குக்கு மாற்றலாம் என்று. பத்து நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு பெரிய அதிகாரிகள் சோதித்துப் பார்க்க வந்தார்கள். அணைத்து, போட்டு, அணைத்து, போட்டுப் பார்த்தார்கள், மோட்டர் எடுக்கவில்லை. அவர் போய்த் தொட்டார், எடுத்தது. அன்று மாலை வாசலிலிருந்தே கூவிக்கொண்டு வந்தார். "நான் இல்லாம ஓடாதாம், செக்கிங்! எழுதியே கொடுத்துட்டாங்க!" அவளும் சிரித்தாள். தெருவில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லவும் சொன்னாள். ஒரு அங்குலத்துக்கு ஒரு தையல் குறைந்தாலும் கண்டுபிடிக்கிறவள், அவர் சிரிப்பில் ஒளிந்திருந்ததை மட்டும் கண்டுபிடிக்கவில்லை.

இப்போது வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அவர் பேர் சுத்தமாக இருக்கும். அதற்காகத்தான் பிணத்தை வீட்டில் வைத்துவிட்டு ஓடி வந்திருக்கிறாள். வால்வு எப்படியாவது சமாளித்துக்கொள்வான், வயசிருக்கிறது.

அவள் வால்வைப் பார்த்தாள். செய்தித்தாளில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தானே, அந்தக் கீபோர்டை.

"அவனை விடுங்க சார்," என்றாள். மோட்டர் சத்தத்தில் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. "மாத்தினது எங்க வீட்டுக்காரர்."

"அம்மா, நீங்க..."

"லாக் போடல. ஆனா மறைச்சு வச்சிருந்தார். ரெண்டு வருஷம் முன்னாடி, அதிகாரிங்க சோதிக்க வந்தாங்களே, அதுக்கு முன்னாடி. அவரைக் கிடங்குக்கு அனுப்பப் பாத்தாங்க. அதான்."

"அவர் உங்ககிட்ட சொன்னாரா?"

"சொல்லல. சொல்லியிருந்தா அன்னிக்கே காதைத் திருகி மாத்த வச்சிருப்பேன்."

இன்ஜினியர் தலையைச் சொறிந்தார். பதிவேட்டைத் திறந்தார், பேனாவை எடுத்தார், எழுதாமல் பிடித்துக்கொண்டே இருந்தார். "போனவர் பேர்ல எதுக்கும்மா? கரண்ட் போச்சு, திருப்பிப் போட்டோம்னு எழுதிடறேன். யாரும் கேக்க மாட்டாங்க."

"இன்னிக்குக் கேக்க மாட்டாங்க. என்னிக்காவது ஒருத்தர் வந்து மூணுன்னு இருந்ததே, யார் வச்சதுன்னு கேப்பார். அப்ப இங்க உக்காந்திருக்கிறது இவன்தான். நடந்ததை நடந்தபடி எழுதுங்க. அவர் முப்பத்தொரு வருஷம் ஒரு நாள்கூடத் தொட்டியைக் காய விடல, அதுவும் நடந்ததுதான். அதையும் எழுதுங்க."

இன்ஜினியர் எழுதினார். இரண்டையும் எழுதினார். அவள் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

வால்வு மேசையருகே வந்தான். "எத்தனை விநாடிக்கா வைக்கட்டும்?"

"முப்பது. அப்புறம் பழசே முதல்ல வர்ற மாதிரி வை. முடியுமா?"

"முடியும்க்கா."

"யார் ஸ்விட்சைப் போட்டாலும் ஓடணும். ஒண்ணும் தெரியாத ஆள் வந்து போட்டாலும் ஓடணும்."

அவன் 3-ஐ அழித்தான். காலியாக இருந்த கட்டத்தில் 30 என்று அடித்தான். பட்டியலில் பழசை மேலே ஏற்றினான். சரி என்ற இடத்தில் அம்பைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். அவர் மூச்சு நின்றபோதுகூட அவளுக்கு இப்படி இல்லை. நேற்று செய்வதற்கு ஆயிரம் வேலை இருந்தது. இப்போது ஒரு தலையசைப்பு மட்டும்தான் பாக்கி. அதற்கு மேல் இந்த ஊரில் அவர் இல்லாமல் ஓடாதது என்று எதுவும் இல்லை.

"அழுத்து," என்றாள்.

வீட்டு வாசலில் ஜீப் நின்றபோது கூட்டம் இன்னும் கொஞ்சம் சேர்ந்திருந்தது. அண்ணி படியிலேயே காத்திருந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னாச்சு? என் தம்பி மேல தப்பு இல்லேன்னு ஒத்துக்கிட்டாங்களா?"

"லாக் இல்லேன்னு ஒத்துக்கிட்டாங்க, அண்ணி. தப்பு இருக்குன்னு நான் சொல்லிட்டு வந்தேன்."

"என்னது?"

"அப்புறம் சொல்றேன். எல்லாத்தையும் சொல்றேன்."

அண்ணி அவள் முகத்தையே பார்த்தாள். கையை மட்டும் விடவில்லை. அதற்குள் வீட்டின் பின்பக்கம் குழாய் இருமியது. காற்றாகச் சீறி, செம்மண் நிறத்தில் கொஞ்சம் துப்பி, அப்புறம் சீராக விழும் சத்தம் கேட்டது. "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று யாரோ குரல் கொடுக்க, பெண்கள் வாளியும் குடமுமாக ஓடினார்கள். ஒரு நிமிடத்தில் கூடம் காலியானது.

அவள் உள்ளே போனாள். காலையில் அவளுக்காகக் கட்டிலின் வலப்பக்கம் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்து அவரைப் பார்த்தாள். கேட்க வேண்டியது நிறைய இருந்தது. கோபமாகவும் கேட்க வேண்டியிருந்தது. மோட்டர் சத்தத்தில் கிடந்து கிடந்து அவருக்கு வலது காது பத்து வருடமாகவே மந்தம்.

எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றி வந்து, இடப்பக்கம் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தாள்.